வயது ஏற ஏற சரி, தவறு பற்றிய யோசனை எப்படி மாறுகிறது?

ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் தள்ளுகிறான். பின்னால் கோப்பைகள் வைத்த தட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்க எட்டுகிறான். ஒரே கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய தப்பு? சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கேட்டபோது சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனைத்தான் கைகாட்டினார்கள். அவர்களுக்குச் சேதம்தான் கணக்கு. சற்று வளர்ந்தவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். இது 1932-இல் வெளியான அவருடைய ஆய்வில் வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958-இல் இதை நீட்டித்தார். சாகக் கிடக்கும் மனைவிக்காக, வாங்க வசதியில்லாத மருந்தைக் கணவன் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற பதில் அவருக்கு முக்கியமில்லை. சொல்லும் காரணம்தான் முக்கியம். ‘மாட்டினால் ஜெயில்’ என்பது தொடக்க நிலை. ‘நல்ல கணவன் அப்படித்தான் செய்வான்’, ‘சட்டத்தை மீறினால் ஒழுங்கு குலையும்’ என்பவை நடு நிலை. பெரியவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘சொத்தைவிட உயிர் பெரிது, சட்டமே அதற்காகத்தான்’ என்பது மேல் நிலை. மூன்று நிலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள். ஆறாவது படியில் ஆளே கிடைப்பது அரிதானதால், பின்னாளில் மதிப்பீட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்!

ஆனால் கோல்பர்க் முதலில் பேசியது பையன்களிடம் மட்டுமே. நியாயத்தை மட்டும் அளந்து, பிறர் மீதான அக்கறையை விட்டுவிட்டார் என்று 1982-இல் உளவியலாளர் கரோல் கில்லிகன் விமர்சித்தார். எனக்கு அது சரியாகவே படுகிறது. தவிர, அழகாகக் காரணம் சொல்பவர் அப்படியே நடந்துகொள்வார் என்றும் இல்லை.