லினக்ஸ் பூட் ஆகும்போது முதன்மை கிராபிக்ஸ் கார்டு எது? கேள்வி பதில்

கே: இன்டெல் உள்ளமை கிராபிக்ஸும் தனி ஏஎம்டி கார்டும் இருக்கின்றன. லினக்ஸ் எதை முதன்மையாக எடுத்துக்கொள்ளும், எப்படி?

ப: பெரும்பாலும் அது ஃபர்ம்வேர் (கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவு. எந்த கார்டில் ஃபர்ம்வேர் திரையை எழுப்பியது என்று கண்டுபிடிப்பதுதான் லினக்ஸின் மையமான கர்னலின் வேலை. யூஇஎஃப்ஐ (இன்றைய ஃபர்ம்வேர் வகை) கணினியில் ஃபர்ம்வேர் ஒரு ஃபிரேம்பஃபரை (திரையில் தெரியும் படம் இருக்கும் நினைவகப் பகுதி) தயார் செய்து, அதன் முகவரியைக் கர்னலிடம் கொடுக்கும். அந்த முகவரி எந்த கார்டின் நினைவகப் பகுதிக்குள் வருகிறது என்று விஜிஏ ஆர்பிட்டர் (பழைய விஜிஏ திரைத் தரத்தின் முகவரிகள் எந்த கார்டுக்கு என்று தீர்க்கும் கர்னல் பகுதி) பார்க்கும். பொருந்துகிற கார்டுதான் 'பூட் விஜிஏ'. கர்னல் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் அந்த கார்டின் பூட்_விஜிஏ கோப்பில் 1 இருக்கும், மற்றதில் 0.

ஃபிரேம்பஃபர் முகவரி எதோடும் பொருந்தாவிட்டால் பழைய வழிதான். 640 கேபி முதல் 768 கேபி வரையுள்ள விஜிஏ நினைவகமும் விஜிஏ ஐஓ போர்ட்டுகளும் (கார்டுக்குக் கட்டளை போகும் முகவரிகள்) எந்த கார்டுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன என்று கர்னல் பார்க்கும். இந்த முகவரிகள் எல்லா விஜிஏ கார்டுகளுக்கும் பொது. இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மோதல்தான். அதைத் தடுக்கத்தான் 2009-இல், 2.6.32 கர்னலில், ஆர்பிட்டரே வந்தது.

கே: கர்னல் கார்டு0, கார்டு1 என்று பெயர் வைக்கிறதே, கார்டு0 என்று வருவதுதானே முதன்மை?

ப: இல்லை. அது டிரைவர்கள் பதிவான வரிசை, அவ்வளவுதான். சிம்பிள்டிஆர்எம் (ஃபர்ம்வேர் தந்த ஃபிரேம்பஃபரை வைத்து ஓடும் தற்காலிக டிரைவர்) முதலில் 0-ஐப் பிடித்திருந்தால், அசல் டிரைவருக்கு 1 கிடைக்கும். எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். பை-பாத் அடைவில் உள்ள பிசிஐ முகவரியை (கார்டு இணைந்திருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்) எழுதுங்கள்.

கே: லேப்டாப்பில் என்விடியாவுக்கு பூட்_விஜிஏ கோப்பே இல்லை. கார்டு பழுதா?

ப: பழுதில்லை. பல லேப்டாப்களில் அந்த சிப் '3டி கன்ட்ரோலர்' வகை. அந்தக் கோப்பு விஜிஏ வகைக்கு மட்டும்தான்.

கே: ஃபர்ம்வேரின் முடிவு என்பதை ஏற்க மாட்டேன். எக்ஸ் சர்வரில் (டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் மென்பொருள்) கார்டின் பிசிஐ முகவரியைப் பஸ்ஐடி என்று எழுதி நான் விரும்பிய கார்டை முதன்மையாக்கியிருக்கிறேனே!

ப: நீங்கள் மாற்றியது டெஸ்க்டாப்பின் முதன்மையை. பூட் விஜிஏ அப்படியேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அப்புறம், இங்கேயும் எண்ணில் கவனம் வேண்டும். கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டுவது ஹெக்ஸ் (16-அடிமான எண்), பஸ்ஐடி கேட்பது டெசிமல். அங்கே 10:00.0 என்றால் இங்கே பிசிஐ:16:0:0.

கே: மேலே கேட்டவன்தான். டெஸ்க்டாப் மதிக்காத பூட் விஜிஏ முத்திரை எதற்கு?

ப: மதிக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸ் சர்வர் அதைத்தான் பார்க்கும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில், கினோம் டெஸ்க்டாப்பின் திரை மேலாளரான மட்டரும் அப்படியே. மட்டரில் மாற்ற யூடெவ் (லினக்ஸின் சாதன மேலாளர்) விதி, கேடிஇ டெஸ்க்டாப்பில் கேவின்_டிஆர்எம்_டிவைசஸ் என்ற சூழல் மாறி. பயனர் சொன்னால் பயனர் பேச்சு, சொல்லாவிட்டால் ஃபர்ம்வேர் பேச்சு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தவறான இடத்தில்தான் பிழை தேடுவீர்கள்.

கே: கேம் மட்டும் தனி கார்டில் ஓட, முதன்மையை மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். மெசா (திறமூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) டிரைவர் என்றால் கேமைத் தொடங்கும்போது டிஆர்ஐ_பிரைம்=1 என்ற மாறி, என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால் பிரைம்-ரன் கட்டளை.

கே: எனக்கு கார்டு1 என்று காட்டுகிறது, எப்படி 0 ஆக்குவது?

ப: ஆக்க வேண்டாம். இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கே: விண்டோஸில்?

ப: என் துறை இல்லை.

கே: பயாஸில் (ஃபர்ம்வேர் அமைப்புப் பக்கம்) பிஇஜி, அதாவது தனி கார்டு, என்று வைத்தும் உள்ளமை கார்டுதான் முதன்மையாக வருகிறது.

ப: மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? சில மதர்போர்டுகள் திரை இணைந்திருக்கும் கார்டின் பக்கமே போய்விடும். கேபிளைத் தனி கார்டில் செருகி, கணினியை முழுவதும் அணைத்து மறுபடி தொடங்குங்கள். பிறகு பூட்_விஜிஏ-வில் வரும் எண்ணை எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.