கடினமான சொற்களில் எழுதும் எழுத்தாளர்கள் மீது வாசகர்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

ஏதோ ஒரு நாவலைப் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டாம். ஆனால் எது கடினமான சொல் என்று யார் முடிவு செய்வது? அதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

எனக்கு ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாற்றும்வரை பத்தாங் பெர்ஜுந்தை. எங்கள் வாயில் இன்றைக்கும் அதுதான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவரை வைத்து ஒரு சிறுகதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இருட்டில் பிரட்டுக்கு ஓடுவது, கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டுக் கத்தி வைப்பது, பால் பீலி வழியாக மங்கில் சொட்டுவது, எல்லாம் அவர் சொன்னபடியே. அச்சில் பார்த்தால் பிரட்டு ‘வருகைப் பதிவு’ ஆகியிருந்தது. மங்கு, ‘சிறு கிண்ணம்’. ஒட்டுப்பால் இருந்த வரியையே காணோம். கேட்டதற்கு, “வாசகர்களுக்குப் புரியாது” என்றார்கள். அடுத்த பக்கத்துக் கவிதையில் ‘எல்லி’, ‘ஞாட்பு’ என்று சங்கச் சொற்களெல்லாம் கிடந்தன. அவை புரியுமாம்!

அம்மாவுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவர். கவிதைக்குத் தேவாரம் கேட்பதுபோலத் தலையாட்டினார். கதைக்குத்தான் கோபம் வந்தது. “பிரட்டில் பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. நீ என்னவோ நான் பள்ளிக்கூடம் போனதுபோல எழுதியிருக்கிறாய்?”

பிரட்டு ஆங்கிலப் ‘பரேடு’, மங்கு மலாய் ‘மங்கோக்’ என்று தனித்தமிழ் அன்பர்கள் வரிந்துகட்டி வருவார்கள். தெரியும் ஐயா. மூன்று தலைமுறையாக எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்த சொற்கள் அவை. நான் சங்கச் சொற்களுக்கும் எதிரியல்ல. கதை இழுத்துக்கொண்டு போனால் தெரியாத சொல்லை வாசகர் தாண்டிவிடுவார். மூன்றாவது முறை வரும்போது அர்த்தம் தானே பிடிபடும். எழுத்தாளர் வரிக்கு வரி நின்று, சொல்லைப் பார்த்தாயா என்று கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அகராதியைப் புரட்டலாமே என்பீர்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, சென்னைக்குப் போன நண்பரிடம் சொல்லி வாங்கிவைத்திருந்தேன். ஒரே வாரம் என்று வாசகர் வட்டத்துக்காரர் ஒருவர் கொண்டுபோனார். ஆறு வருடமாகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் என்னைக் கண்டால் மட்டும் காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துவிடுகிறார்.