எனக்கு வந்த கண் புற்றுநோய் என் பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 31. டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். இரண்டரை வயதில் எனக்கு வலது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள். இடது கண் நன்றாக இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை. இப்போது மனைவிக்கு ஐந்தாம் மாதம். குழந்தைக்கும் வருமா? வயிற்றிலேயே அதன் வளர்ச்சி கெடுமா? ஆயா மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, ஆயாவின் வேண்டுதல் நடக்கட்டும். கூடவே இந்த மாதமே நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ரத்தத்தில் ஆர்பி1 என்ற மரபணுவைச் சோதித்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரத்தம்தான், மனைவியுடையது அல்ல. பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முடிவு வருவதற்கே பல வாரங்கள் ஆகலாம், உங்களுக்கு இருப்பது நான்கு மாதம்தான்.

காரணம் சொல்கிறேன். ஆர்பி1 மரபணு நம் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. இது உண்டாக்கும் புரதம், செல்லைப் பிரியத் தூண்டும் ஈ2எஃப் என்ற புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிரிய வேண்டிய நேரத்தில் பிடியை விடும், போதும் என்றால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு பிரதிகளும் கெட்டுப்போன செல்லில் பிடிக்க ஆளில்லை, அது பிரிந்துகொண்டே போகும். விழித்திரையில், நிறம் பார்க்கும் கூம்பு செல்களாக மாறவேண்டிய இளம் செல்களில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. அவை முதிர்ந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும். இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே வருவது அதனால்தான்.

1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கண்ணில் நோய் வந்த பிள்ளைகளையும் இரண்டு கண்ணிலும் வந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சிலர் ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறக்கிறார்கள், இன்னொன்றும் கெட்டால் போதும். அவர்களுக்கு நோய் சீக்கிரம் வரும், பல நேரம் இரண்டு கண்ணிலும் வரும். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு பிரதிகளும் தற்செயலாகக் கெட வேண்டும், அதனால் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் வரும். அவர் கணித்தது சரி என்பது 1986இல் மரபணுவே கையில் கிடைத்தபோது உறுதியானது. புற்றைத் தடுக்கும் மரபணுக்களில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான்.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்? ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களில் 100க்குச் சுமார் 15 பேருக்குப் பிறவியிலேயே பிறழ்வு இருக்கிறது, அதாவது ஆர்பி1இன் ஒரு பிரதி கெட்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்தப் பிறழ்வு உங்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கலாம், அப்படி நடப்பது சகஜம். உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு. சோதனைக்கு முன், இன்றைய நிலையில் கணக்குப் போட்டால் பிள்ளைக்குப் பிறழ்வு வர 100க்கு ஏழெட்டு வாய்ப்புதான்.

வளர்ச்சி கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த மரபணு புற்றைத் தடுப்பதோடு நிற்பதில்லை, உடல் உருவாகவும் வேண்டும். 1992இல் இரண்டு பிரதிகளையும் நீக்கிய எலிக் குஞ்சுகள் கருவிலேயே இறந்தன. ரத்தமும் நரம்பும் சரியாக முதிரவில்லை. நஞ்சுக்கொடியின் கோளாறும் அதற்கு ஒரு பெரிய காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் ஒரு பிரதி நன்றாக இருந்தாலே உடல் உருவாகிவிடும். உங்களிடமிருந்து கெட்ட பிரதி வந்தாலும், அம்மாவின் நல்ல பிரதி இருக்கும். வயிற்றில் வளரும்போதே கை, கால், மூளை கெட்டுவிடுமோ என்ற பயத்தை இருவரும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கும் மரபணு ஆலோசனைக்கும் போங்கள். உங்கள் பழைய அறுவை அறிக்கை இருந்தால் எடுத்துப்போங்கள். அன்று எடுத்த கட்டியின் துண்டு மெழுகில் பதித்து இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது கிடைத்தால் ரத்தத்தில் எதைத் தேடவேண்டும் என்பது ஆய்வகத்துக்குத் தெரிந்துவிடும்.

ரத்தத்தில் பிறழ்வு தெரிந்தால், பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கலாம். பிள்ளைக்கு அது வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. வந்திருந்தால் முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை. பிறழ்வோடு பிறக்கும் பிள்ளைகளில் 10க்கு 9 பேருக்குக் கட்டி வரும் என்பதால் இதில் சுணங்கக்கூடாது. கடுகளவில் கண்டுபிடித்தால் லேசராலோ உறையவைத்தோ அழிக்கலாம், கண்ணும் மிஞ்சும், பார்வையும் மிஞ்சும். உங்களுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. பனிக்குட நீரை எடுத்து இப்போதே பார்க்கவும் முடியும். அதில் கருச்சிதைவுக்குச் சிறிய வாய்ப்பு உண்டு, அதனால் நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்.

சோதனை முடிவு என்னவானாலும், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, மாறுகண் போலக் கண் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அந்த வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பிறழ்வு இருந்தால் உங்களுக்கும் பிற்காலத்தில் எலும்பு, தசை, தோல் புற்று வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். புகைபிடிக்காதீர்கள். சிடி ஸ்கேன் எழுதினால் அதற்குப் பதில் எம்ஆர்ஐ போதுமா என்று கேளுங்கள். ஆறாத வீக்கமோ எலும்பு வலியோ வந்தால் சிறுவயதில் கண் எடுத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், உங்கள் முடிவு வந்ததும் அவர்களுக்கும் தெரிவியுங்கள்.