ஆய்வுக் கட்டுரை எழுத கூகுள் தேடல் மட்டும் போதுமா, நூலகத்துக்கும் போக வேண்டுமா?

போதாது. அதற்காக அலமாரி அலமாரியாகத் தூசி தட்டவும் வேண்டியதில்லை.

கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கென்றே கூகுள் 2004இல் கொண்டுவந்த இந்தத் தேடலில், ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது அதன் கீழேயே ஓர் இணைப்பாக இருக்கும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 2009இல் வெளியான நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். அந்த இணைப்பைத் தட்டினால், பின்னால் வந்து அதை ஆதரித்தவர்கள், மறுத்தவர்கள் எல்லாம் வரிசையாக வருவார்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியல் பின்னோக்கி அழைத்துப்போகும், இது முன்னோக்கி.

சரி, திறந்தால் பணம் கேட்கிறதா? அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அதே கட்டுரையின் மற்றப் பதிப்புகளைப் பாருங்கள், ஆசிரியரே ஏற்றிவைத்த இலவசப் பிரதி இருக்கலாம். இல்லையா, கல்லூரி நூலகக் கணக்கில் நுழையுங்கள். ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளங்களுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பார்கள். அதிலும் கிடைக்காவிட்டால் நூலகரைக் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டே நான் ஒரு பருவத்தை வீணாக்கினேன்!

அப்புறம், அலமாரியில் புத்தகம் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவற்றையும் புரட்டுங்கள். டியூயி போன்ற நூலக வகைப்பாட்டு முறைகளில் பொருள்வாரியாக அடுக்குவதால், நீங்கள் தேடத் தெரியாத புத்தகம் அங்கேதான் நிற்கும்.

விக்கிப்பீடியாவைத் தாராளமாகப் படிக்கலாம், மேற்கோள் மட்டும் காட்டாதீர்கள். நமக்கு வேண்டியது அதன் அடிக்குறிப்புகள்தான்.