பிரிகாபாலின்: பல்கலைக்கழக ஆய்வகத்தில் தொடங்கிய மாத்திரை

பல்கலைக்கழக வேதியியல் ஆராய்ச்சி ஆய்வுக் கட்டுரையைத் தாண்டி மக்களிடம் போய்ச் சேர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்கிறது. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்றால் டாக்டர்கள் எழுதித்தரும் பிரிகாபாலின் அப்படி வந்ததுதான். என் அம்மாவும் அதைச் சாப்பிடுகிறார். வேதியியல் படித்தவன் என்பதால் அதன் பூர்வீகத்தை ஆர்வமாகத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் என்ற வேதியியல் பேராசிரியர் மூளையில் இருக்கும் காபா என்ற பொருளை ஆராய்ந்துவந்தார். நரம்புகள் அளவுக்கு மீறித் துடிப்பதை அடக்குவது காபா. அது குறைந்தால் வலிப்பு வரலாம். வெளியிலிருந்து கொடுத்தால் மூளைக்குள் எளிதில் புகாது. அதனால் காபாவைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கலாம் என்று, காபாவைப் போன்ற மூலக்கூறுகளை அவர் குழு செய்து பார்த்தது. போலந்திலிருந்து வந்திருந்த வேதியியலாளர் ஆந்த்ருஷ்கெவிச் 1980களின் கடைசியில் அங்கே செய்த வரிசையில் ஒன்றுதான் பிரிகாபாலின்.

பார்க்-டேவிஸ் என்ற மருந்து நிறுவனம் சோதித்தபோது அது எலிகளுக்கு வலிப்பு வராமல் தடுத்தது. ஆனால் அந்த நொதி வழியாக அல்ல! நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலின் ஒரு துணைப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி கடத்தும் பொருள்கள் வெளிவருவதைக் குறைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. "இதனால் என்ன பயன், முதலில் சொல்" என்று கேட்டு நிதி தருகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

அதற்கப்புறம் நச்சுத்தன்மைச் சோதனை, மனிதர்களிடம் சோதனை என்று சுமார் 15 ஆண்டுகள். இதற்கான பணமும் ஆளும் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இருக்காது. இதற்கிடையில் பார்க்-டேவிஸ், ஃபைசர் என்ற பெரிய மருந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வேதியியல் வேலை அதோடு முடியவில்லை. இந்த மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றுதான் மருந்தாக வேலை செய்யும். பழைய முறையில் கடைசிக் கட்டத்தில் பிரித்ததால் மற்றது வீணானது. பின்னர் ஃபைசரின் வேதியியலாளர்கள் லைப்பேஸ் நொதியை வைத்து, தண்ணீரிலேயே, ஆரம்பக் கட்டத்திலேயே பிரித்தார்கள். வேண்டாத வடிவத்தையும் மறுபடி பயன்படுத்த முடிந்தது. ஆய்வகத்தில் சில கிராம் செய்வதும் ஆலையில் டன் கணக்கில் செய்வதும் வேறு வேறு ஆராய்ச்சிகள். இரண்டாவதற்கு நம் வகுப்பறைகளில் போதிய மதிப்பே இல்லை.

2007இல் நார்த்வெஸ்டர்ன் தன் ராயல்டி உரிமையில், அதாவது மருந்து விற்பனையிலிருந்து தனக்கு வரவேண்டிய பங்கில், ஒரு பகுதியை 70 கோடி டாலருக்கு விற்றது. காப்புரிமை கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஆகவே நீங்கள் ஆராய்ச்சி மாணவர் என்றால், புதிய மூலக்கூறைக் கருத்தரங்கில் காட்டுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைப் பாருங்கள். பொதுவெளியில் வந்துவிட்ட பிறகு பெரும்பாலான நாடுகளில் காப்புரிமை கிடைப்பது கடினம்.