ஃபீடிங் பிரா முதுகில் ஏறுகிறது, கப்பில் பிதுங்குகிறது: எந்த அளவு வாங்குவது?

இப்போது போடும் 38சி-க்குப் பதில் 36டிடி போட்டுப் பாருங்கள். எண் பட்டையைக் குறிக்கும், எழுத்து கப்பைக் குறிக்கும். 40 வேண்டாம். முதுகுப் பட்டை மேலே ஏறினால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 36டி கப்பும் 38சி கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவுதான். உங்களுக்குப் பிதுங்கவும் செய்வதால் அதற்கும் ஒரு கப் கூட்டிச் சொல்கிறேன்.

எட்டாம் மாதத்தில் வாங்கியது என்கிறீர்கள். அப்போது விலா விரிந்திருக்கும், பிரசவத்துக்குப் பின் மெல்லச் சுருங்கும். மார்போ பால் கட்டிப் பெரிதாகியிருக்கும். அதனால்தான் ஒரே பிரா ஒரு பக்கம் தொளதொள, இன்னொரு பக்கம் இறுக்கம்.

பால் கொடுப்பதற்குச் சற்று முன், மார்பு நிறைந்திருக்கும்போது போட்டுப் பாருங்கள். கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வானதில், மாட்டுங்கள். துணி நாளடைவில் இளகும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். அப்புறம் கையைத் தூக்குங்கள், பட்டை நகரக் கூடாது. குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் கிளிப்பைத் திறக்க வருகிறதா என்றும் பாருங்கள். இது சரிவராவிட்டால் அளவு பொருந்தியும் பயனில்லை.

பிரசவமாகி ஐந்து வாரம்தான் ஆகிறது, அளவு இன்னும் மாறலாம். இப்போதைக்கு இரண்டு போதும், கம்பி இல்லாததாக. அழுத்தும் இடத்தில் கட்டி, சிவப்பு, காய்ச்சல் என்றால் பிராவை மாற்றிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.