குழந்தைகள் தோலில் வரும் அரிய கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். நெற்றியோரம் துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒரு கட்டி. பாலுண்ணி, கிள்ளி எடுத்துவிடு என்கிறார் மாமியார். எடுக்கலாமா டாக்டர்?

பதில்: கிள்ளாதீர்கள் அம்மா. பாலுண்ணி முத்துப்போல் பளபளக்கும், நடுவில் சின்னக் குழி இருக்கும். இந்த மஞ்சளையும் வயதையும் பார்த்தால் ஜூவனைல் சாந்தோகிரானுலோமாவாக இருக்கலாம், ஆனால் நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். இது புற்றுநோய் இல்லை. கொழுப்பை விழுங்கிய செல்கள் தோலில் சேர்வதால்தான் அந்த நிறம். ரத்தக் கொழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் சில வருடங்களில் தானே அமுங்கிவிடும். மாதம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். என்னிடம் வந்த ஒரு குழந்தைக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். கட்டி அப்படியே இருந்தது, சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. பார்க்கவே மனம் பதறியது.

அப்புறம், உடம்பில் இதேபோல் பல கட்டிகள் இருந்தால் கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். அரிதாகக் கண்ணுக்குள்ளும் இது வரும், ரத்தம் கசியும், கண் அழுத்தம் கூடும். 2 வயதுக்குள் இதில் கூடுதல் கவனம் தேவை. பால்காபி நிறத்தில் பல திட்டுகள் இருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: 7 வயது மகனுக்குப் புருவத்தருகே கல் மாதிரி கட்டி. சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறதாம். பாலை நிறுத்தவா?

பதில்: வேண்டாம், பால் தாராளமாகக் கொடுங்கள். இது பைலோமேட்ரிகோமா போலத் தெரிகிறது. முடியின் வேர்ச் செல்களில் உருவாகும் கட்டி, அதற்குள்ளேயே கால்சியம் படிகிறது. ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் சீசா பலகைபோல் எழும்பும். முதல் கேள்வியில் சொன்ன கட்டி தானே அமுங்கும், இது அப்படித் தானாகக் கரையாது. சின்ன ஆபரேஷனில் முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம்.

கேள்வி: 5 மாதக் குழந்தையின் முதுகில் பழுப்புத் திட்டு. குளிப்பாட்டித் துடைத்தால் தடித்துச் சிவக்கிறது.

பதில்: மாஸ்டோசைட்டோமாவாக இருக்கலாம். தேய்க்கும்போது அதிலுள்ள செல்கள் ஹிஸ்டமின் என்ற, அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருளை வெளியிடும், அதனால் தடிக்கிறது. வெதுவெதுப்பான நீர் போதும், துண்டால் ஒற்றி எடுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகளைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். உடம்பெல்லாம் சிவந்து வாந்தி எடுத்தாலோ துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி வயதுக்கு வருவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: மகளின் கால் விரலில் இருந்த ஃபைப்ரோமாவை (நார்த்திசுக் கட்டி) எடுத்தோம். மறுபடி வந்துவிட்டது. ஆபரேஷன் சரியில்லையா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். சிறு குழந்தைகளின் விரலில் வரும் ஃபைப்ரோமா வெட்டினாலும் அடிக்கடி திரும்பி வரும். விரல் வளையாமல், நடையைக் கெடுக்காமல் இருந்தால் விட்டுப் பார்க்கலாம். பல குழந்தைகளுக்கு அது தானே சுருங்குகிறது.